கடன் வாங்கி ஆர்க்கிடெக்சர் படிக்கலாமா? பட்டத்தையும் கடனையும் சேர்த்து ஒரு விமர்சனம்

வாங்குபவர் கைக்கு முழுதாக வந்து சேரவே ஏழெட்டு வருஷம் பிடிக்கும் சரக்கு ஆர்க்கிடெக்சர் பட்டம். பணமோ முதல் செமஸ்டரிலிருந்தே போகத் தொடங்கிவிடும். படிப்பை மட்டும் பற்றிக் கேட்டால் தயங்காமல் நல்ல மதிப்பெண் போடலாம். கட்டமைப்பு, வெளிச்சம், காற்றோட்டம், கட்டட விதிகள், செலவு மதிப்பீடு, வரைபடம், பத்துப் பேர் முன்னால் நின்று தன் யோசனைக்காக வாதாடும் தெம்பு என்று இத்தனையையும் ஒருசேரக் கற்றுத்தரும் இளங்கலைப் படிப்பு வேறொன்று சட்டென்று சொல்வதற்கில்லை. வில்லங்கம் அதைக் கடனில் வாங்கும் விதத்தில் இருக்கிறது. கடன் வளர்வது ஒரு வேகம், இந்தத் தொழிலில் சம்பளம் ஏறுவது வேறு வேகம்.

முதலில், எதை வாங்குகிறோம் என்று பார்ப்போம். யுனெஸ்கோவும் சர்வதேச ஆர்க்கிடெக்ட்டுகள் ஒன்றியமும் சேர்ந்து வகுத்த கல்விச் சாசனம், குறைந்தது ஐந்து வருஷ முழுநேரப் படிப்பு, அதற்கு மேல் இரண்டு வருஷப் பயிற்சி என்கிறது. இதை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகப் பிரித்து வைத்திருக்கிறது. இந்தியாவில் பி.ஆர்க். ஐந்து வருஷம், பத்து செமஸ்டர். பட்டம் வந்ததும் 1972-ஆம் வருஷத்து ஆர்க்கிடெக்ட்டுகள் சட்டத்தின்கீழ் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிந்துகொள்ளலாம். தனி உரிமத் தேர்வு கிடையாது. அமெரிக்காவில் வழக்கமான பாதை என்பது என்.ஏ.ஏ.பி. என்ற வாரியத்தின் அங்கீகாரம் உள்ள பட்டம், 3,740 மணி நேரப் பயிற்சி, அப்புறம் ஆறு பிரிவுகள் கொண்ட ஏ.ஆர்.இ. என்ற உரிமத் தேர்வு. பிரிட்டனில் பார்ட் 1, பார்ட் 2, பார்ட் 3 என்று மூன்று படிகள், இடையில் வேலை அனுபவம் என்பது வழக்கமான பாதை.

3,740 மணி என்றால் வாரம் 40 மணி வீதம் இரண்டு வருஷத்துக்குள் முடிந்துவிட வேண்டும். நடைமுறையில் இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மணிகளை ஆறு பிரிவுகளில் தனித்தனியாக நிரப்ப வேண்டும். அலுவலகமோ புதிதாக வந்தவரைக் கழிப்பறை விவரப்படமும் கதவு ஜன்னல் அட்டவணையும் போட உட்கார வைத்துவிடும். வரைபடப் பிரிவு சீக்கிரம் நிரம்பி வழியும். நிர்வாகம், கட்டுமானத் தளம் ஆகிய பிரிவுகள் காலியாகவே கிடக்கும். வேலையில் சேரும்போதே "தளத்துக்கு எப்போது அனுப்புவீர்கள், ஒப்பந்ததாரர் கூட்டத்தில் உட்கார வைப்பீர்களா" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. உரிமம் ஒரு வருஷம் தள்ளிப்போனால் சம்பள உயர்வும் ஒரு வருஷம் தள்ளிப்போகும். கடன் தவணை மட்டும் சொன்ன தேதியில் வந்து நிற்கும்.

இந்தச் சரக்கில் போலி என்று சொல்ல முடியாத, ஆனால் ஏமாந்துபோக வாய்ப்புள்ள ஒரு வகை உண்டு. அமெரிக்காவில் பெயரில் ஆர்க்கிடெக்சர் என்று இருக்கும் நான்கு வருஷ பி.எஸ். பட்டம் அது. அதற்குத் தொழில்முறை அங்கீகாரம் இல்லை. அதன்மேல் எம்.ஆர்க். என்ற முதுகலை படித்தால்தான் வழக்கமான உரிமப் பாதையில் நுழைய முடியும். அந்த எம்.ஆர்க். ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷத்தில் முடியும். அதே மாணவரை இன்னொன்று மூன்று வருஷம் படிக்கச் சொல்லும், நீங்கள் முன்பு முடித்த ஸ்டூடியோக்களில் (வடிவமைப்புப் பயிற்சி வகுப்புகளில்) எத்தனையை அவர்கள் ஏற்கிறார்கள் என்பதைப் பொறுத்து. கூடுதலாகும் அந்த ஒரு வருஷத்தின் விலை கட்டணம் மட்டுமில்லை. இழந்த ஒரு வருஷச் சம்பளமும் சேர்த்தி. சேர்க்கைக் கடிதத்தில் எந்த வருஷத்தில் நுழைகிறீர்கள் என்று எழுத்தில் இல்லாவிட்டால் முன்பணம் கட்டாதீர்கள். இந்தியாவில் பார்க்க வேண்டியது வேறு: கவுன்சில் ஒப்புதல் நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கும், கல்லூரி சேர்க்கும் இட எண்ணிக்கைக்கும் இருக்கிறதா என்பது. போன வருஷக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடக் கூடாது.

இனி கடன். நாணயம் எதுவாக இருந்தாலும் விகிதம் ஒன்றுதான் என்பதால் மொத்தக் கடனை 100 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷம், ஒவ்வொரு வருஷத் தொடக்கத்திலும் 20 வீதம் வங்கி கொடுக்கிறது. வட்டி 10 சதவீதம். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தவணை ஆரம்பம். அந்த நாளில் கடன் எவ்வளவு நிற்கும்? பெரும்பாலானவர்கள் 100, மிஞ்சினால் 110 என்பார்கள். தனிவட்டியாகப் போட்டாலே 140. வருஷத்துக்கு ஒருமுறை வட்டியை அசலில் சேர்க்கும் வகை என்றால் கிட்டத்தட்ட 148. மூன்று வருஷப் பட்டத்துக்குக் கடன் வாங்குபவரைவிட ஆர்க்கிடெக்சர் மாணவர் அதிகம் அடிபடுவது இங்கேதான். படிப்பு நீளம், முதல் வருஷம் வாங்கிய 20 ஆறு வருஷம் சும்மா உட்கார்ந்து குட்டி போடுகிறது. அந்த 20 மட்டும் தனிவட்டியிலேயே 32 ஆகிவிடும். ஐந்தாம் வருஷம் வாங்கிய 20 வெறும் 24 தான் ஆகும்.

148-ஐப் பத்து வருஷத்தில் அடைத்தால் மாதத் தவணை 1.95, மொத்தம் கட்டுவது சுமார் 234. பதினைந்து வருஷம் என்று நீட்டினால் தவணை 1.59-ஆக இறங்கும், மொத்தம் 286-க்கு ஏறும். இதற்கு மாற்றாக, படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் வீட்டிலிருந்து கட்டிவந்தால் முதல் வருஷம் 2, அடுத்து 4, 6, 8, 10, படிப்பு முடிந்து தவணை தொடங்கும் முன் வரும் சலுகை வருஷத்தில் 10, ஆக 40 கட்ட வேண்டியிருக்கும். தவணை தொடங்கும்போது கடன் 100-லேயே நிற்கும். பத்து வருஷத் தவணை 1.32. எல்லாம் சேர்த்து 199. முடிந்தால் இதைத்தான் செய்ய வேண்டும். முழு வட்டியும் கட்ட முடியாவிட்டாலும் முதல் இரண்டு வருஷத்து வட்டியையாவது கட்டிவிடுங்கள், அப்போது தொகை சிறியது.

இதையொட்டி இன்னொன்று. வீட்டில் கொஞ்சம் சேமிப்பு இருந்தால் அதைக் கடைசி வருஷத்துக்கு என்று ஒதுக்கிவைப்பது பலரது வழக்கம். நேர்மாறாகச் செய்ய வேண்டும். சேமிப்பை முதல் வருஷத்துக்குச் செலவழித்துவிட்டு, கடனை இரண்டாம் வருஷத்திலிருந்து எடுப்பதுதான் லாபம். வட்டிக் கணக்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இந்தப் படிப்பு தனக்கு ஒத்துவராது என்று தெரிந்துகொள்கிறவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு ஸ்டூடியோவிலேயே தெரிந்துகொள்கிறார்கள் என்பது. கடன் இல்லாமல் வெளியேறுவது எளிது. கடனோடு நிற்பவர், போட்ட பணத்துக்காகவே இன்னும் நான்கு வருஷம் போடுவார். சில வங்கிகள் உங்கள் பங்கை ஒவ்வொரு வருஷமும் விகிதப்படி கேட்கும். அங்கே விண்ணப்பத்தையே இரண்டாம் வருஷத்துக்குத் தள்ள முடியுமா என்று விசாரியுங்கள்.

எவ்வளவு கடன் தாங்கும் என்பதற்கு நம்பக்கூடிய அளவுகோல் ஒன்றே ஒன்று: தவணை தொடங்கும் நாளில் நிற்கும் கடனை, முதல் வருஷச் சம்பளத்தால் வகுங்கள். விடை 1 என்றால் (10 சதவீத வட்டி, பத்து வருஷம்) சம்பளத்தில் 16 சதவீதம் தவணைக்குப் போகும். தாங்கலாம். 1.5 என்றால் 24 சதவீதம். வீட்டில் தங்கி வேலைக்குப் போகிறவர் சமாளிப்பார், வாடகை கொடுப்பவர் திணறுவார். 2 என்றால் 32 சதவீதம். 3 என்றால் 48. இவை வரிப் பிடித்தத்துக்கு முந்தைய சம்பளத்தில் போட்ட கணக்கு, கைக்கு வரும் தொகையில் பங்கு இன்னும் கூடும். 2-ஐத் தாண்டினால் இந்தப் பட்டத்தைக் கடனில் வாங்க வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு. வேறு கல்லூரியோ, வேறு ஊரோ, உதவித்தொகையோ பாருங்கள்.

வகுக்கும்போது போடும் சம்பள எண்ணில்தான் ஏமாற்றம் நுழைகிறது. கல்லூரி விளம்பரத்தில் இருப்பது அந்த வருஷம் ஒரே ஒருவர் வாங்கிய உச்சச் சம்பளம். அதுவும் பல நேரங்களில் ஆர்க்கிடெக்ட் வேலைக்கே இராது. மென்பொருள் நிறுவனத்திலோ விளையாட்டு வடிவமைப்பிலோ கிடைத்ததாக இருக்கும். கேட்க வேண்டியது நடு ஆளின் சம்பளம்: தேர்ச்சி பெற்ற அத்தனை பேரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் எவ்வளவு வாங்குகிறார்? கூடவே, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஐந்தே வருஷத்தில் முடித்தார்கள் என்றும் கேளுங்கள். அமெரிக்கா என்றால் எந்தப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் ஏ.ஆர்.இ. தேர்வில் எத்தனை சதவீதம் தேறினார்கள் என்பதை அந்தத் தேர்வை நடத்தும் என்கார்ப் வாரியமே வெளியிடுகிறது, கல்லூரியின் வாயைப் பார்க்க வேண்டியதில்லை.

நடு ஆளின் சம்பளம் ஏன் படிப்பின் நீளத்துக்கு ஈடாக இல்லை என்பதற்கு விடை கட்டணம் பிரியும் விதத்தில் இருக்கிறது. கணக்குக்காக 1,000 செலவில் ஒரு கட்டடம், ஆர்க்கிடெக்ட் கட்டணம் 6 சதவீதம் என்று கொள்வோம். வருவது 60. அதில் கட்டமைப்புப் பொறியாளர், மின்சாரம், பிளம்பிங் ஆலோசகர்களுக்கு 20 போகும். வாடகை, மென்பொருள் உரிமம், காப்பீடு, வரி என்று 14. அலுவலக முதலாளிக்கு 10. மிச்சம் 16-ஐ வைத்துத்தான் வரைகிறவர்களுக்கு இரண்டு வருஷம் சம்பளம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் கட்டடம் முடிய அவ்வளவு நாளாகும். இந்த நேரத்தில் போட்டிக்கு இன்னொருவர் 5 சதவீதத்துக்குச் செய்கிறேன் என்று வந்தால் 60 என்பது 50 ஆகும். ஆலோசகரும் வாடகையும் குறைந்துகொள்ள மாட்டார்கள். குறைந்த 10 முழுதும் முதலாளியின் 10 மேலும் வரைகிறவர்களின் 16 மேலும்தான் விழும். யார் மேல் அதிகம் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

முன்பு இந்தப் போட்டிக்கு அணை இருந்தது. ஜெர்மனியில் ஹெச்.ஓ.ஏ.ஐ. என்ற கட்டண விதி, இதற்குக் கீழே வாங்கக் கூடாது என்று கட்டாயப்படுத்தியிருந்தது. 2019-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அது செல்லாது என்றது, 2021 முதல் அது வெறும் வழிகாட்டியாகிவிட்டது. அமெரிக்காவில் 1990-இல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி, உறுப்பினர்கள் தள்ளுபடி தருவதையோ இலவசமாக வரைந்து கொடுப்பதையோ அந்நாட்டு ஆர்க்கிடெக்ட் சங்கம் தடுக்கக் கூடாது என்றானது. இந்தியாவில் 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1972 சட்டம் காப்பது ஆர்க்கிடெக்ட் என்ற பெயரை மட்டும்தான், கட்டடம் வடிவமைக்கும் வேலையை அல்ல என்று தீர்ப்பளித்தது. பட்டம் தருவது பெயர். வேலைக்குப் போட்டியாளர்கள் பலர். வாங்கும் முன் இது தெரிந்திருக்க வேண்டும்.

மந்த நிலை வந்தால் முதலில் நிற்பதும் வரைபட வேலைதான். தொடங்கிய கட்டடத்தை எப்படியாவது முடிப்பார்கள். புதிதாக வரையச் சொல்ல ஆள் இருக்காது. 2008 நெருக்கடியில் அலுவலகங்கள் கும்பலாக ஆள் குறைத்தது அதனால்தான். ஆகவே ஆறு மாதத் தவணையைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளும் வரை கடனை முன்கூட்டி அடைக்கும் வேகத்தைக் காட்ட வேண்டாம்.

விலைப்பட்டியலில் வராத செலவுக்கு வருவோம். ஸ்டூடியோ ஒவ்வொரு செமஸ்டரும் பணம் கேட்கும். ஜூரிக்கு, அதாவது மதிப்பிடும் குழுவின் முன் வைக்க, எட்டு ஏ1 தாள் என்றால் யாரும் எட்டு மட்டும் பிரின்ட் எடுப்பதில்லை. கோட்டுத் தடிமன் சரியில்லை, படம் மங்கல், அளவுகோல் தப்பு என்று இரண்டு மூன்று முறை எடுப்பார்கள். இதைத் தவிர்க்க ஒரு வழி: சோதனைப் பிரின்டை ஏ3-இல் எடுங்கள். ஏ1-இன் நீள அகலம் இரண்டும் சரிபாதியானால் ஏ3. அதாவது 1:100 படம் 1:200 ஆக வரும், ஸ்கேலை வைத்தே சரிபார்க்கலாம். ஏ3-இல் படிக்க முடிகிற எழுத்து ஏ1-இல் நிச்சயம் படிக்க முடியும். மாடலுக்கு லேசர் வெட்டும் கடைகள் பெரும்பாலும் நிமிடக் கணக்கில் வாங்குவார்கள். ஆட்டோகேடில் ஒரே இடத்தில் இரண்டு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் லேசர் இரண்டு தடவை போய்வரும். காசும் இரட்டிப்பு, அட்டையின் விளிம்பும் கருகிப்போகும். கோப்பைக் கொடுக்கும் முன், இப்படி இரட்டித்த கோடுகளை நீக்கும் ஓவர்கில் கட்டளை ஒன்று போதும். செங்கல் அடுக்கு, ஓட்டு வரி போன்றவற்றை நிழலாகச் சுரண்டச் சொல்வது வெட்டுவதைவிடப் பல மடங்கு நேரம் தின்னும். கோடாகவே கீறச் சொல்லுங்கள்.

மென்பொருளுக்கு மாணவராக இருக்கும்வரை செலவு குறைவு. ஆட்டோடெஸ்க் மாணவர் உரிமம் வருஷாவருஷம் புதுப்பிக்கும் வகை, படிப்போடு போய்விடும். ரைனோ என்ற முப்பரிமாண மாடல் மென்பொருளின் மாணவர் உரிமம் காலாவதியாவதில்லை, கடைசி செமஸ்டருக்குள் வாங்கிவிடுங்கள். லேப்டாப் ஐந்து வருஷம் தாக்குப்பிடிப்பது அபூர்வம். முதல் வருஷம் கையால் வரைவதே அதிகம் என்பதால் நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ளதை இரண்டாம் வருஷம் வாங்குவது புத்திசாலித்தனம். கடன் விண்ணப்பத்தின் செலவுப் பட்டியலில் கம்ப்யூட்டர், படிப்புச் சுற்றுலா, மாடல் செலவு மூன்றையும் ஆரம்பத்திலேயே சேர்த்துவிட வேண்டும். பாதியில் கேட்டால் பெரும்பாலும் தனிநபர் கடன் அல்லது கிரெடிட் கார்டுதான் வழி. அங்கே வட்டி வேறு ரகம்.

ஆகப் பெரிய மறைவுச் செலவு ஸ்டூடியோவில் தோற்பது. கணிதத்திலோ வரலாற்றிலோ அரியர் விழுந்தால் அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். ஸ்டூடியோ சங்கிலி மாதிரி: மூன்றாவதைத் தாண்டாமல் நான்காவதில் உட்கார முடியாது, மூன்றாவதோ பல கல்லூரிகளில் வருஷத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். ஒரு செமஸ்டர் தோல்வி ஒரு முழு வருஷம் ஆகிறது. வங்கி ஒப்புக்கொண்ட காலம் ஐந்து வருஷம்தான், ஆறாம் வருஷக் கட்டணம் கையிலிருந்து போக வேண்டும். சலுகைக் காலத்தை நீட்டித் தரும்படி தோற்ற உடனே கல்லூரிக் கடிதத்துடன் எழுத்தில் கேட்காவிட்டால், படித்துக்கொண்டிருக்கும்போதே தவணை தொடங்கிவிடும்.

கடனின் வகையைப் பொறுத்து மேலே சொன்ன தீர்ப்பு மாறும். சம்பளத்தைப் பொறுத்துத் தவணை பிடிக்கும் நாடுகள் உண்டு. ஆஸ்திரேலியா 1989 முதல் அப்படித்தான். இங்கிலாந்தில் 2023-லிருந்து சேர்ந்தவர்களின் திட்டத்தில், குறிப்பிட்ட வரம்புக்கு மேல் உள்ள வருமானத்தில் 9 சதவீதம் பிடிப்பார்கள், 40 வருஷத்தில் மிச்சம் தள்ளுபடி. அங்கே 1, 2, 3 என்ற விகிதக் கணக்குக்குப் பொருளில்லை. அதை நீண்ட நாள் வரியாகப் பார்க்க வேண்டும். தாங்க முடியாமல் முறியும் ஆபத்து அதில் இல்லை. நிலையான மாதத் தவணைக் கடனில்தான் அந்த ஆபத்து.

பட்டத்தின்மேல் இன்னொரு முதுகலை? ஏற்கனவே தொழில்முறைப் பட்டம் இருப்பவருக்கு அது உரிமத்தில் எதையும் கூட்டாது. ஆசிரியராகப் போகிறவர், முகப்பு வடிவமைப்பு, கட்டட ஆற்றல் போன்ற குறிப்பிட்ட துறைக்கு மாறுகிறவர் தவிர மற்றவர்கள் இரண்டாவது கடனுக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்.

சம்பளத்தைச் சீக்கிரம் ஏற்றும் வழி, கட்டணத்தில் பங்கு கேட்கும் பக்கத்திலிருந்து கட்டணம் கொடுக்கும் பக்கம் போவது: கட்டுமான நிறுவனம், மருத்துவமனை, ரயில்வே போன்ற சொந்தக் கட்டடம் வைத்திருக்கும் இடங்கள். பி.ஐ.எம். (கட்டடத்தின் எல்லா விவரமும் அடங்கிய கணினி மாதிரி) ஒருங்கிணைப்பும் நல்ல கூலி தரும். வடிவமைப்புப் புகழ் பெற்ற சிறு அலுவலகத்தில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும், சம்பளம் கம்மி. கடன் விகிதம் 1-க்குக் கீழே உள்ளவர் அங்கே இரண்டு வருஷம் இருக்கலாம். மேலே உள்ளவருக்கு அது கட்டுப்படியாகாது.

தவணை தொடங்கிய பின் போனஸோ தனி வேலைக் காசோ வந்தால் அசலில் கட்டுங்கள், ஆனால் வங்கியிடம் ஒரு வார்த்தை எழுத்தில் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள்: "தவணை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள்." 140 கடன், பதினைந்து வருஷம், 10 சதவீதம் என்றால் மாதத் தவணை 1.50. இரண்டாம் வருஷ முடிவில் 10 கூடுதலாகக் கட்டினால் கடைசியில் 22 மாதத் தவணை மிச்சமாகும், வட்டியில் 23 லாபம். அதையே தவணையைக் குறைக்கும் விதமாக வங்கி வரவு வைத்துக்கொண்டால் லாபம் 8 தான்.